சண்டே ரோஸ்ட் பாக்ஸ்: கறிக்கு முழு மார்க்கு, குறிப்பு அட்டைக்கு முட்டை

இங்கிலாந்துல லீட்ஸ்ல எங்க ஏரியா கறிக்கடை ஒண்ணு வாரக்கடைசிக்கு சண்டே ரோஸ்ட் பாக்ஸ்னு ஒண்ணு போடுறாங்க. சண்டே ரோஸ்ட்னா ஞாயித்துக்கிழம மத்தியானம் கறிய ஓவன்ல சுட்டு உருளை, காய், கிரேவியோட இங்க சாப்டுற விருந்து. ஆறேழு பேருக்கு ஆகுற மாதிரி ஆட்டுத்தொடை, உருளைக்கிழங்கு, காய்கறி, கிரேவிக்கு ஸ்டாக் (எலும்புச் சாறு), மின்ட் சாஸ், யார்க்ஷயர் புட்டிங் (பேர்தான் புட்டிங், இனிப்பு இல்ல, மாவு முட்டை பால் கலந்து ஓவன்ல உப்ப வெச்சு கறியோட சாப்டுறது) மிக்ஸ் எல்லாம் ஒரே அட்டப்பெட்டில சனிக்கிழம காலைல வாசலுக்கு வந்துடும், வெல 72 பவுண்டு. கடை பேர் போடல, இதே மாதிரி பாக்ஸ இப்ப நெறைய கடைக்காரங்க விக்கிறாங்க, உள்ள இருக்குறதும் கிட்டத்தட்ட இதேதான், அதனால யார்கிட்ட வாங்குனாலும் நான் சொல்றது ஒத்துவரும்.

முதல்லயே சொல்லிடுறேன், கறிக்காக வாங்கலாம். மத்ததுல பாதி தேவையே இல்ல. கூட வர்ற சமையல் குறிப்பு அட்டைய நம்பி வீட்டுக்கு ஆள கூப்டுடாதீங்க.

எதுக்கு வாங்குனேன்னா, தங்கச்சி கட்டிக்கப்போற பையன் யார்க்ஷயர்ல ஹாரோகேட் பக்கம், அவங்க அப்பா அம்மா எப்ப வந்தாலும் நாம பிரியாணியே போட்டு அனுப்புறோம், ஒரு தடவ அவங்க சாப்பாட்ட நாம சமைச்சுப் போட்டா என்னன்னு எங்கம்மா கேட்டாங்க. அம்மா அப்ப மதுரைலேர்ந்து வந்து எங்களோட இருந்தாங்க. நல்ல யோசனதான், ஆனா யார்க்ஷயர்காரங்கள உக்கார வெச்சு அவங்களுக்கே யார்க்ஷயர் புட்டிங் போடுறதுன்னா கொஞ்சம் தில்லு வேணும்ல. அதான் ரிஸ்க் வேணாம்னு எல்லாமே சேர்ந்து வர்ற பாக்ஸ்.

சண்டே ரோஸ்ட்னா சாதாரணமா மாட்டுக்கறிதான் மொதல்ல சொல்லுவாங்க, அதுக்கு ஹார்ஸ்ரேடிஷ் சாஸ், பன்னிக்கு ஆப்பிள் சாஸ், கோழிக்கு ஸ்டஃபிங்கும் பிரெட் சாஸும், ஆட்டுக்கு மின்ட் சாஸ்னு இங்க எல்லாத்துக்கும் ஒரு ஜோடி இருக்கு, மாத்திப் போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க ஆனா கவனிப்பாங்க. எங்க வீட்ல மாடு கிடையாது, அதனால ஆட்டுத்தொடை பாக்ஸ் எடுத்தேன்.

கறிய பத்தி குறையே சொல்ல முடியாது. 2.3 கிலோ, எலும்போட முழுத் தொடை, வெளில மெல்லிசா வெள்ளக் கொழுப்பு, கவுச்சி நாத்தம் துளிகூட இல்ல. இங்க லாம்ப்னா ஒரு வயசுக்குள்ள இருக்குற குட்டி, ஒண்ணு ரெண்டு வயசுன்னா ஹாகெட்னு சொல்லுவாங்க, அதுக்கு மேலதான் மட்டன், அதனால நம்மூர் வெள்ளாட்டுக்கறி ருசிய இதுல தேடாதீங்க, இது செம்மறிக்குட்டி, இளசா இனிப்பா இருக்கும். ரோஸ்மேரி ஒரு கட்டு வெச்சிருந்தாங்க, பூண்டு மட்டும் நான் போட்டுக்கிட்டேன், கத்தி முனையால அங்கங்க குத்தி அந்த ஓட்டைல பூண்டுப் பல்லையும் ரோஸ்மேரியையும் சொருகி, உப்பு மிளகு எண்ணெய் தடவுனா முடிஞ்சுது, வேற மசாலாவே கிடையாது. அம்மா மிளகாத்தூள் டப்பாவ ரெண்டு தடவ கைல எடுத்து ரெண்டு தடவயும் திருப்பி வெச்சாங்க.

இப்ப அட்டைக்கு வர்றேன், எனக்கு கோவம் வந்த எடம் இதுதான். 200 டிகிரில அரை கிலோவுக்கு 25 நிமிஷம், மேல ஒரு 25 நிமிஷம்னு போட்டிருக்கு. ஃபேன் ஓவனா சாதா ஓவனான்னு ஒரு வார்த்த இல்ல. ஃபேன் ஓவன்ல எப்பவுமே 20 டிகிரி கம்மியா வெக்கணும், இங்க பாதிப் பேர் வீட்ல ஃபேன் ஓவன்தான், இத எழுதாம எப்படி ஒரு கறிக்கடை அட்டை அடிக்கிறாங்கன்னு தெரியல. அவங்க கணக்குப்படி போனா 2.3 கிலோவுக்கு ரெண்டு மணி நேரம் 20 நிமிஷம். நான் அட்டைய மூடி வெச்சுட்டு தெர்மாமீட்டர் குத்துனேன், 180 டிகிரி ஃபேன்ல ஒன்றரை மணி நேரம் தாண்டுனதுமே நடுக்கறி 60 டிகிரி காட்டிடுச்சு. அதுக்கு மேல முக்கா மணி நேரம் உள்ள கெடந்திருந்தா அவ்ளோ நல்ல கறி நாராப் போயிருக்கும். 15 பவுண்டுக்குக் கெடைக்கிற தெர்மாமீட்டர்தான், மொத்த விருந்துலயும் உருப்படியான செலவு அது, குத்தும்போது முனை எலும்புல படக்கூடாது, பட்டா தப்பா காட்டும். வெளில எடுத்தப்புறமும் உள்ள சூடு நாலஞ்சு டிகிரி ஏறும், அதனால 60 வந்ததும் எடுத்துடலாம், நடுவுல லேசா ரோஸ் கலர்ல நிக்கும்.

ரோஸ் கலர்னதும் அம்மா மொகம் மாறிடுச்சு, வேகவே இல்லயேடா இதப்போய் சம்பந்திக்கு வெக்கிறதான்னு. நம்ம வீட்ல இதுதான் சண்டையாகும், அதனால சொல்றேன். முழுத்துண்டு கறில கிருமி இருந்தா அது வெளிப்பக்கத்துலதான் இருக்கும், வெளில நல்லா சுட்டுட்டா நடுவுல ரோஸா இருந்தாலும் சாப்டலாம்னுதான் இங்க உணவுத்துறையும் சொல்லுது, ஆனா கோழி, பன்னி, கொத்துக்கறி, எலும்பெடுத்து சுருட்டிக் கட்டுன தொடை இதுக்கெல்லாம் இந்தக் கத வேகாது, முழுசா வேகணும். தொடைல இன்னொரு வசதி இருக்கு, கணுக்கால் பக்கம் சின்னதா இருக்குறதால அங்க முழுசா வெந்திருக்கும், நடுச்சதை ரோஸா இருக்கும், ஒரே தொடைல அம்மாவுக்கும் ஆச்சு சம்பந்திக்கும் ஆச்சு.

உருளைக்கிழங்கு மாரிஸ் பைப்பர், மண்ணோட ரெண்டு கிலோ, பிரமாதம். ரோஸ்ட்டுக்கு மாரிஸ் பைப்பர் இல்லன்னா கிங் எட்வர்ட், இந்த ரெண்டுல ஒண்ணுதான் வாங்கணும், ரெண்டும் மாவு மாதிரி உதிர்ற ரகம், சாலட்டுக்கு விக்கிற வழவழ உருளைல இது வராது. தோல் சீவி முட்டை சைஸுக்கு வெட்டி, உப்புத்தண்ணில பத்து நிமிஷம் ஓரம் கொழயிற வரைக்கும் வேகவெச்சு, வடிகட்டி, ஆவி போக விட்டு, பாத்திரத்த மூடி நல்லா குலுக்கணும். வெளிப்பக்கம் பிஞ்சு பிசிறா ஆயிடும், அந்தப் பிசிறுதான் கொழுப்புல பொரிஞ்சு மொறுமொறுன்னு வர்றது. ட்ரேல கொழுப்பு நல்லா காஞ்சு இருக்கும்போது போடணும், ஒரு மணி நேரம் ஆகும், நடுவுல ஒரு தடவ திருப்பிவிட்டா போதும்.

இந்தக் கொழுப்புல ஒரு விஷயம் கேட்டுக்குங்க. ஆட்டுக்கறி பாக்ஸ்னுதான் பேரு, ஆனா உள்ள பொரிக்கிறதுக்கு வெச்சது பீஃப் டிரிப்பிங், அதாவது உருக்குன மாட்டுக்கொழுப்பு. எல்லா பாக்ஸுக்கும் ஒரே டப்பாவ போட்டுடுறாங்க, வெப்சைட்ல சின்ன எழுத்துல இருக்கு. மாடு சாப்டாதவங்க, சைவக்காரங்கள கூப்டவங்க, தயவுசெஞ்சு கவனிங்க, உருளைக்கிழங்குதானேன்னு எடுத்து வெச்சா வம்பாயிடும். ஃபோன் பண்ணுனதும் மன்னிப்பு கேட்டு வேற ஒரு டப்பா குடுத்து அனுப்புனாங்க, வாத்துக்கொழுப்பு, அதுல இன்னும் நல்லாவே மொறுமொறுன்னு வந்துச்சு. சர்வீஸ்ல கொற இல்ல, கடைல இருந்த ஆள் நல்ல மனுஷன். சைவத்துக்கு சூரியகாந்தி எண்ணெயே போதும், தனி ட்ரேல போடுங்க.

யார்க்ஷயர் புட்டிங் மிக்ஸ் பாக்கெட்ட தூக்கிப் போட்டுடலாம். தண்ணி ஊத்தி கலக்குனா போதும்னு போட்டிருக்கு, மொத நாள் ராத்திரி ட்ரயல் பாத்தேன், தட்டையா ரப்பர் மாதிரி வந்து நின்னுச்சு. 2008ல இங்க ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, ஆமா நெசமாவே கெமிஸ்ட்ரி சங்கம்தான், 4 அங்குல உயரம் இல்லன்னா அது யார்க்ஷயர் புட்டிங்கே இல்லன்னு அறிக்கை விட்டாங்க, அந்தக் கணக்குல இந்த பாக்கெட்டு பாதிகூடத் தேறாது. வீட்லயே செய்ங்க, மைதா, முட்டை, பால் மூணும் ஒரே கப்புல சம அளவு, கொஞ்சம் உப்பு, அவ்ளோதான். சோடா உப்பும் வேணாம், பேக்கிங் பவுடரும் வேணாம், சூட்டுல மாவுல இருக்குற தண்ணி ஆவியாகித்தான் மேல தூக்குது. கலக்கி ஒரு மணி நேரம் சும்மா வெச்சுடணும். அப்புறம் பன்னெண்டு குழி டின்ல ஒவ்வொரு குழிலயும் ஒரு ஸ்பூன் எண்ணெய், ஓவன்ல வெச்சு பொக வர்ற அளவுக்கு காய விட்டு, பணியாரச் சட்டில ஊத்துற மாதிரியேதான், ஊத்துனதும் சொர்ருனு சத்தம் வரணும், வரலன்னா எண்ணெய் காயலன்னு அர்த்தம். கதவ சாத்துனா இருவது நிமிஷத்துக்கு தொறக்கக்கூடாது, தொறந்தா அமுங்கிடும்.

சம்பந்திக்காரர் புட்டிங்க கைல எடுத்துத் திருப்பிப் பாத்தார், தட்டிப் பாத்தார், ம்ம்னு ஒரு சத்தம், அந்த ஊர்ல அது பெரிய பாராட்டுன்னு தங்கச்சி காதுல சொன்னா. அப்புறம் அவரே ஒரு கத சொன்னார், அவங்க பாட்டி வீட்லல்லாம் புட்டிங்க கறிக்கு முன்னாடியே கிரேவி ஊத்தி தனியா வெச்சுடுவாங்களாம், பசி அதுலயே பாதி அடங்கிடும், அப்புறம் கறி கொஞ்சமா வெச்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க. கறி வெல ஏறிக் கெடந்த காலத்துல கண்டுபுடிச்ச தந்திரம். அதுக்கும் முந்தி இது மேல சுத்திச் சுத்தி வேகுற கறிக்கு அடில தட்டுல மாவ வெச்சு, சொட்டுற கொழுப்ப வீணாக்காம புடிச்சு செஞ்சதுதான், 1747ல ஹன்னா கிளாஸ்னு ஒரு அம்மா போட்ட சமையல் புத்தகத்துலயே யார்க்ஷயர் புட்டிங்னு பேரோட இருக்கு.

இப்ப டைமிங். பாக்ஸ் விக்கிறவங்க சொல்லித் தர வேண்டிய ஒரே விஷயம் இதுதான், அட்டைல ஒரு வரி கெடையாது, கறியோட சேத்து புட்டிங்கையும் உள்ள வைங்கன்னு போட்டிருக்கு, கறி வேகுற சூட்டுல புட்டிங் எங்கேந்து எழும்பும். வீட்ல இருக்குறது ஒரு ஓவன், கறிக்கு ஒரு சூடு, புட்டிங்குக்கு வேற சூடு. இதுக்கு வழி என்னன்னா கறி வெந்து வெளில வந்ததும் வெட்டக்கூடாது, ஃபாயில் பேப்பர லேசா மூடி அரை மணி நேரத்துக்கு மேலயே விடணும், சாறு உள்ளயே தங்கும், அந்த நேரத்துல ஓவன் காலியா இருக்கும்ல, அதுலதான் புட்டிங். ரெண்டு மணிக்கு சாப்பாடுன்னா நான் போட்ட கணக்கு, பத்தே முக்காலுக்கு கறிய ஃப்ரிட்ஜ்லேர்ந்து வெளில வெச்சாச்சு, பதினொன்னு நாப்பதுக்கு ஓவன்ல, பன்னெண்டே முக்காலுக்கு கீழ் தட்டுல உருளைக்கிழங்கு, ஒண்ணேகாலுக்கு கறி வெளில வந்ததும் ஓவன 210க்கு ஏத்தி புட்டிங் டின்ன எண்ணெயோட காய வெச்சு, ஒண்ணரைக்குள்ள மாவ ஊத்தியாச்சு, ஒண்ணு அம்பத்தஞ்சுக்கு புட்டிங்கும் உருளையும் ஒண்ணா வெளில. காயெல்லாம் அடுப்பு மேல கடைசி கால் மணி நேரத்துல. ரெண்டுன்னா ரெண்டுக்கே வேணும், ஏன்னா இங்க ஒரு மணிக்கு வாங்கன்னா ஒண்ணு அஞ்சுக்கு காலிங் பெல் அடிச்சுடும், நம்மாளுங்கள மாதிரி மூணு மணிக்கு வந்து டிராஃபிக்னு சொல்ல மாட்டாங்க.

தட்ட சூடு பண்ணி வைங்க, ஜில்லுனு இருக்குற பீங்கான்ல கிரேவி ஊத்துனா ரெண்டே நிமிஷத்துல ஆறி ஏடு கட்டிடும், இங்க பழைய ஆளுங்க இத முக்கியமா பாப்பாங்க.

கிரேவிக்கு வந்த லாம்ப் ஸ்டாக் நல்லா இருந்துச்சு, எலும்ப நெசமாவே கொதிக்க வெச்சு எடுத்தது, ஆறுனா ஜெல்லி மாதிரி கட்டுது. கறி வெந்த ட்ரேல ஒட்டியிருக்குறதுதான் ருசி, அதுல மேல நிக்கிற கொழுப்ப வழிச்சுட்டு, ஒரு ஸ்பூன் மைதா போட்டு கிண்டி, ஸ்டாக்க ஊத்தி சுரண்டிவிட்டு கொதிக்க வெச்சு வடிகட்டணும். ரெட்கரன்ட் ஜெல்லி (புளிப்பான சின்ன சிவப்புப் பழத்துல செஞ்ச ஜாம் மாதிரி) ஒரு ஸ்பூன், வூஸ்டர் சாஸ் நாலு சொட்டு. இந்த வூஸ்டர் சாஸ்ல புளி இருக்கு தெரியுமா, லீ அண்ட் பெரின்ஸ் பாட்டில்ல பாருங்க, 1837லேர்ந்து விக்கிற சாஸ், புளி நெத்திலி ரெண்டும் சேந்ததுதான் அந்த ருசி, அம்மாவுக்கு இத காட்டுனதும் தான் இந்த சமையல் மேல ஒரு மரியாதயே வந்துச்சு. நெத்திலி இருக்குறதால சைவத்துக்கு ஊத்திடாதீங்க. எவ்ளோ கிரேவி வெச்சாலும் பத்தாது, நான் ஒரு லிட்டர் வெச்சதும் வழிச்சு எடுத்துட்டாங்க, கைல ஒரு டப்பா பிஸ்டோ துகள் இருக்கட்டும், 1908லேர்ந்து இந்த ஊர் கிரேவிய காப்பாத்திக்கிட்டு வர்றது அந்த பிராண்டுதான், துகள்ல சுடுதண்ணி ஊத்துனா ரெடி.

மின்ட் சாஸ் பாட்டில்ல சக்கரதான் தூக்கலா இருந்துச்சு. புதினாவ பொடிசா நறுக்கி கொஞ்சம் சக்கர, கொதிக்கிற தண்ணி ஒரு ஸ்பூன், வினிகர் போட்டா அஞ்சு நிமிஷ வேல, அதுக்கு எதுக்கு பாட்டில். கேரட் பரவால்ல. பார்ஸ்னிப் (வெள்ளக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு) நடுத்தண்டு கட்டையா இருந்துச்சு, வெட்டி எடுத்துட்டுதான் போடணும். சவோய் முட்டகோஸ் நல்ல பச்ச, வெண்ணையும் மிளகும் போதும்.

பாக்ஸ்ல இனிப்பு எதுவும் கெடையாது, அதுவும் நல்லதுக்குத்தான். பிராம்லி ஆப்பிள் ஒரு கிலோ வாங்கி ஆப்பிள் கிரம்பிள் செஞ்சோம், அதாவது ஆப்பிள் மேல மாவு, வெண்ண, சக்கரைய உதுத்துப் போட்டு ஓவன்ல வெக்கிறது, பிராம்லிய பச்சையா கடிச்சா பல்லு கூசுற புளிப்பு, வெந்தா பஞ்சு மாதிரி கொழஞ்சுடும், கிரம்பிளுக்கு அதவிட்டா வேற ஆப்பிள் சரிப்படாது. மேல ஊத்த பேர்ட்ஸ் கஸ்டர்ட். பர்மிங்ஹாம்ல ஆல்ஃபிரட் பேர்ட்னு ஒருத்தர் பொண்டாட்டிக்கு முட்டை ஒத்துக்கலன்னு 1837ல சோளமாவுல கண்டுபுடிச்சது, முட்டையே கெடையாது, நம்மூர்ல ஃப்ரூட் சாலட்ல ஊத்துற கஸ்டர்ட் பவுடர் எல்லாமே அந்த வழில வந்ததுதான். அம்மா அதுக்கு மட்டும் ரெண்டு கிண்ணம்.

பரிமாறுறதுல ஒண்ணு, கறிய மேசைலயே வெச்சு வீட்டுக்காரங்க வெட்டித் தரணும், காய் உருளை எல்லாம் பெரிய கிண்ணத்துல வெச்சு கை மாத்தி கை மாத்தி அனுப்பிக்குவாங்க, எல்லார் தட்டுலயும் வந்தாத்தான் ஆரம்பிப்பாங்க. போதும்னா போதும்தான், மூணாவது தடவ கேட்டா சரின்னு சொல்லுவாங்கன்னு காத்திருக்காதீங்க. எங்கம்மா இந்த சட்டத்த மதிக்கல, சம்பந்தியம்மா தட்டுல கேக்காமயே நாலு உருளைக்கிழங்க வெச்சாங்க, அவங்களும் சிரிச்சுக்கிட்டே நாலையும் சாப்டுட்டாங்க, அதனால இந்த விதி உருளைக்கிழங்குக்குப் பொருந்தாதுன்னு வெச்சுக்குவோம்.

காசு கணக்கு பாத்தா 72 பவுண்டுல தொடை மட்டும் தனியா எடுத்தா அதே கடைல 40, ஸ்டாக் 5, உருளையும் காயும் மார்க்கெட்ல எட்டு பவுண்டுக்குள்ள முடிஞ்சுடும், மிச்சம் கைலயே நிக்கும். கிர்க்கேட் மார்க்கெட் பக்கம் போக நேரம் இல்லாதவங்களுக்கு, கார் இல்லாதவங்களுக்கு பாக்ஸ் வசதிதான், டெலிவரி சொன்ன நேரத்துக்கு வந்துச்சு, ஐஸ் பேக் உருகாம இருந்துச்சு. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்குறேன், மூணும் தொடைக்குத்தான்.

நான் இனிமே தொடையும் ஸ்டாக்கும் மட்டும்தான் சொல்லுவேன். ஈஸ்டர் சமயத்துல ஆட்டுக்கறி கேட்டு அடிச்சுப் புடிப்பாங்க, அப்ப ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. எலும்பு எடுத்துத் தரவா, கணுக்கால் எலும்ப நறுக்கித் தரவான்னு கடைல கேப்பாங்க, ரெண்டுக்கும் வேணாம்னு சொல்லுங்க, மேசைல கறி வெட்டும்போது துணி சுத்திப் புடிக்கிறதுக்கு அந்தக் கணுக்காலத் தவிர வேற கைப்புடி கெடையாது.